முட்டி சொல்லும் மழை

"சாமி, முட்டி சொல்லிருச்சு. நாளைக்கு மழ."

தம்பேத்தன்னைப் பாதையில் ஒரு லயத்தின் கோடிக் காம்பராவில் வாழும் பாட்டி ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம் இப்படித்தான் காலநிலை அறிக்கை வாசிப்பார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. ரேடியோவில் சொல்வதற்கு முந்தியே தம் முட்டி சொல்லிவிடும் என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு. நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். பல காலம் அதைக் கேட்டபின், ஓர் ஐப்பசி மாதத்தில், அவருடைய பேரனிடம் கடைக் கலண்டர் ஒன்றைக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் கெட்டிக்காரப் பையன். பாட்டிக்கு வலி கூடிய நாளில் சிவப்புப் பென்சிலால் கோடு, மழை பெய்த நாளில் நீலப் பென்சிலால் கோடு. தைப்பொங்கல் வரைக்கும் போடவேண்டும் என்பது ஏற்பாடு.

பொங்கல் முடிந்து மூவரும் அந்தக் கலண்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சிவப்பும் நீலமும் சேர்ந்து விழுந்த நாட்கள் இருந்தன. நீலம் மட்டும் இருந்து சிவப்பு இல்லாத நாட்களும் அதே அளவுக்கு இருந்தன. வெயில் அடித்த நாளில் சிவப்புக் கோடும் இருந்தது. "அப்பாயி, நீ சொன்னது பாதிக்குப் பாதிதான்" என்றான் பையன். "நீ பென்சில மாத்திப் போட்டிருப்ப" என்று பாட்டி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஆனால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. சில சிவப்பு நாட்கள், விறகுக் கட்டைத் தூக்கி மேட்டில் ஏறியதற்கு மறுநாள். வேறு சில, கூரைத் தகரம் ஒழுகிப் படுக்கைச் சாக்கு நனைந்த இரவுக்கு மறுநாள்.

இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டில்களிலும் மண்டபங்களிலும் காலம் தள்ளும் குடும்பங்களிடம் போகும்போதெல்லாம் இந்த வலிப் பேச்சு வராமல் இருப்பதில்லை. குளிருக்கு இழுக்கிறது, பனிக்குக் கடுக்கிறது, வெயில் வந்தால் சரியாகும் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எமது எண்ணம் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் வானத்தை எம்மால் மாற்ற முடியாது. வலிக்கு வானம் மட்டுமே காரணம் என்று நம்பிவிட்டால், மாற்றக்கூடியவற்றையும் மாற்றாமல் விட்டுவிடுவோம்.

எமது ஊவாவின் பருவங்கள்

ஊவாவின் காலநிலை மற்ற மலைநாட்டைப் போன்றதல்ல. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவக்காற்று அட்டன், நுவரெலியாப் பக்கங்களில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மலையைத் தாண்டி எம்மிடம் வறண்ட காற்றாக வந்து சேருகிறது. அங்கே குடை, இங்கே புழுதி. ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தரும் அந்தத் தனி வாசத்தைக் கொடுப்பது இந்த வறண்ட காற்றுத்தான். கொழுந்து பறிக்கிறவளின் விரல்களை வெடிக்க வைப்பதும் இதே காற்றுத்தான் என்பது தேயிலைப் பெட்டியில் எழுதப்படுவதில்லை.

எமக்கு மழை என்பது ஒக்டோபரில் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஜனவரி வரை நிற்பது. அந்த மாதங்களில் நண்பகலுக்கு முன்பே கீழ்ச் சமவெளியிலிருந்து மூடுபனி ஏறி அப்புத்தளைக் கடைவீதியை மூடிவிடும். துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது. சுவர் வியர்க்கும். முட்டியும் இடுப்பும் உளைகிறது என்ற முறைப்பாடு கூடுதலாக வருவது இந்த மாதங்களில்தான். காற்றடிக்கும் ஆடி மாதத்திலோ கழுத்துப் பிடிப்பு, தோள் பிடிப்பு என்கிறார்கள். ஆகவே குளிர், வெயில் என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது.

1977 வன்செயலுக்குப் பின் இங்கிருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டி மிளகாய் போட்ட ஒருவர், 2009இல் அங்கிருந்தும் பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டுப் பின்னர் இங்கே தங்கை வீட்டுக்கு வந்தார். அவரிடம் கேட்டேன். "போன புதுசுல முட்டி வலி போயிருச்சுன்னுதான் நெனச்சேன் சாமி. ரெண்டு வருசம் கழிச்சு, குனிஞ்சு களை புடுங்கப் புடுங்க, சித்திரை வெயில்லயே வந்துருச்சு" என்றார். வலி மிகவும் வாட்டியது எப்போது என்றதற்கு, முகாமில் என்றார். அங்கே குளிரே இல்லை. நித்திரையும் இல்லை.

ஆராய்ந்தவர்கள் கண்டது

வாதநோய்க்காரருக்கு மழை முன்கூட்டியே தெரியும் என்ற நம்பிக்கை எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர்கள் காற்றையும் நீரையும் இடத்தையும் நோயோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோசப் ஹொலண்டர் என்ற வைத்தியர் காற்றின் அமுக்கத்தையும் ஈரத்தையும் விரும்பியபடி மாற்றக்கூடிய ஓர் அறையைக் கட்டி, அதில் மூட்டுவாத நோயாளரைத் தங்கவைத்துப் பார்த்தார். ஈரம் கூடி, அதேவேளை அமுக்கம் குறைந்தபோது பலருக்கு வலியும் விறைப்பும் கூடின. ஒன்று மட்டும் மாறியபோது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இதற்கு எதிராக, 1996இல் டொனால்ட் ரெடல்மையர், ஏமோஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 18 மூட்டுவாத நோயாளரைப் பதினைந்து மாதங்கள் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நோயாளர்கள் தம் வலிக்கும் காலநிலைக்கும் தொடர்புண்டு என்று உறுதியாக நம்பினார்கள். கணக்குப் பார்த்தபோது தொடர்பு கிடைக்கவில்லை. மனித மனம் பொருந்திய நாட்களை நினைவில் வைத்துக்கொண்டு பொருந்தாத நாட்களை மறந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பாட்டியின் கலண்டரை விரித்த அன்று எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆராய்ச்சி இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016இல் தொடங்கியது. தீராத வலியுள்ளவர்கள் நாடெங்குமிருந்து கைத்தொலைபேசியில் நாள்தோறும் தம் வலியைக் குறித்தார்கள். அவர்கள் இருந்த இடத்தின் காலநிலை அதனோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. 2,658 பேரின் குறிப்புகளை வைத்து 2019இல் முடிவு வெளியானது. ஈரம் கூடிய, அமுக்கம் குறைந்த, காற்றுப் பலமாக வீசிய நாட்களில் வலி கூடியது. மனநிலையையும் நடமாட்டத்தையும் கழித்துப் பார்த்த பின்னும் அந்தத் தொடர்பு நின்றது. ஆகவே பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கூடியது? சாதாரண நாளில் நூறு பேரில் ஐவருக்கு வலி கூடும் என்று வைத்துக்கொண்டால், மிக மோசமான நாளில் அது ஆறு பேராகும். அவ்வளவுதான். இன்னுமொன்று: வெறும் குளிர், வெறும் சூடு என்ற வெப்பநிலை வேறுபாடு தனியாக நின்று பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை.

அமுக்கத்தைப் பற்றி எமது பாதையிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. நூறு மீற்றர் இறங்கினால் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய பதினொரு மில்லிபார் கூடும். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. பெரகலை வழியாக வெல்லவாயவுக்குப் பஸ்ஸில் இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். நூறு மில்லிபாருக்கு மேல் கூடுகிறது. மழை வருகிற நாளில் எமது பகுதியில் அமுக்கம் குறைவதோ வழக்கமாகச் சில மில்லிபார்தான். அமுக்கம் ஒன்றே வலிக்குக் காரணமென்றால் வெல்லவாய பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் குணமாகி இறங்க வேண்டும். நானும் பல தடவை இறங்கியிருக்கிறேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெயில் என்ன செய்கிறது?

2005இல் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகர ஆஸ்பத்திரியொன்றில் நடந்த ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 89 பேரில் சிலர் வெளிச்சம் நிறைந்த பக்கத்து அறைகளிலும், சிலர் அருகிலுள்ள கட்டடம் மறைத்த மங்கலான அறைகளிலும் இருந்தார்கள். வெளிச்ச அறையில் இருந்தோருக்கு 46 வீதம் கூடுதலான சூரிய ஒளி கிடைத்தது. அவர்கள் மணிக்கு மணி எடுத்த வலிமருந்து 22 வீதம் குறைவாக இருந்தது. மனஅழுத்தமும் குறைந்திருந்தது. மருந்தும் தாதியும் ஒன்றுதான். யன்னலுக்கு வெளியேதான் வித்தியாசம்.

இதை வாசித்தபோது எனக்கு எமது இரட்டை லயங்கள்தான் கண்முன் வந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். பின்னால் யன்னல் வைக்க வழியில்லை. வாசலால் வரும் வெளிச்சமே வெளிச்சம், அதையும் அடுப்புப் புகை பாதியாக்கிவிடும். பகலெல்லாம் மலையில் வேலை செய்யும் பெண்ணுக்காவது வெயில் படும். காம்பராவுக்குள் முடங்கிய கிழவர்களுக்கும், பிள்ளை பெற்று உள்ளே இருக்கும் தாய்மாருக்கும், நோயாளிக்கும் அதுவும் இல்லை.

உடம்பில் வெயில் படும்போது தோலில் விற்றமின் டீ உண்டாகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது மிகவும் குறைந்து போனால் எலும்பு மென்மையாகி, இடுப்பிலும் தொடையிலும் ஆழமான நோவு வரும். குந்தியிருந்து எழும்ப முடியாமல் போகும். இதைப் பலர் வாதம் என்றே நினைத்துவிடுவார்கள். மன்செஸ்டர்க்காரருக்கு மாரிகாலத்து வெயில் இதற்குப் போதாது. பூமத்திய ரேகைக்கு அருகிலிருக்கும் எமக்கு வருடம் முழுவதும் போதிய வெயில் உண்டு. எமது கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலை விடக் கூடுதல் நேரம் தேவை. கண்ணாடி யன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் உடம்பு சூடாகுமே தவிர விற்றமின் உண்டாகாது. அதற்காக விற்றமின் குளிசை எல்லா வலியையும் தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். குறைபாடு இல்லாதவருக்கு அது வலியைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் உறுதியாகக் காட்டவில்லை.

வெயில் எல்லோருக்கும் மருந்துமல்ல. லூப்பஸ் என்றொரு நோய் உண்டு. இளம் பெண்களுக்கே அதிகம் வரும். கன்னத்திலும் மூக்கிலும் தடிப்புப் படரும், மூட்டுகள் நோகும், வெயிலில் நின்றால் இரண்டும் கூடும். வெயில் பட்டு வலி கூடுகிறது என்று ஒரு பெண் சொன்னால், நடிப்பு என்று சிரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

நான் சொன்ன தவறான ஆறுதல்

என்னால் மறக்க முடியாத ஒன்றை இங்கே எழுதவேண்டும். மண்சரிவு அபாயத்தால் லயத்திலிருந்து எழுப்பப்பட்டு ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்கள் தங்கியிருந்த காலம். சீமெந்துத் தரை, அதன் மேல் சாக்கு, அதன் மேல் பாய். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றார். "குளிர்தான் அம்மா, வெயில் வந்தால் சரியாகும்" என்று சொல்லி இரண்டு கம்பளி கொடுத்தேன். அவரும் நம்பினார். வெயில் வந்தது, விரல் சரியாகவில்லை. அடுத்த வருடம் நான் அவரைக் கண்டபோது இரண்டு கைகளிலும் விரல்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. அது முடக்குவாதம். அதற்கு மருந்து உண்டு. மெதொட்ரெக்சேற் என்ற குளிசை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. நாள்தோறும் அல்ல, கிழமைக்கு ஒருமுறை மட்டும், இரத்தப் பரிசோதனையோடு எடுப்பது; கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாதது. முதல் மாதங்களிலேயே தொடங்கினால் மூட்டு உருக்குலையாமல் காப்பாற்றலாம். கொழுந்து பறிப்பவளுக்கு விரல் போனால் பேரும் போயிற்று, சம்பளமும் போயிற்று. அந்த மாதங்களை என் ஆறுதல் வார்த்தை தின்றுவிட்டது.

ஆகவே தயவுசெய்து கவனியுங்கள். காலையில் விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு விடாமல் இருப்பதும், விரல் மூட்டுகள் இரு கையிலும் ஒருபோல வீங்குவதும் குளிர் அல்ல. தொண்டை நோவுக்குப் பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு முட்டியும் கணுக்காலும் மாறிமாறி வீங்கினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம், இதயத்தைக் கெடுக்கும். முதுகு வலியோடு இரவில் காய்ச்சலும் மெலிவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் உண்டா என்று பார்க்கவேண்டும். கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே போகவேண்டும். கீழ்நாட்டுக்கு இடம்பெயர்ந்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள்: 2006இல் நாட்டில் பரவிய சிக்குன்குனியா. நுளம்பால் வருவது, மழையோடு கூடுவது, காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்து வைப்பது. அது மழையால் வந்த வலிதான், ஆனால் காற்றின் ஈரத்தால் வந்ததல்ல.

கடையில் கடதாசியில் சுற்றித் தரும் கலவைக் குளிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றில் ஸ்டெரோயிட் இருக்கும். இரண்டு நாளில் வலி பறக்கும். இரண்டு மாதத்தில் முகம் ஊதும், எலும்பு கரையும். டைக்குளோபெனாக் குளிசையை நாள் தவறாமல் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் பழுதும் வரலாம். சித்தாலேப பூசித் தடவிக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. தடவுகிற கை மகளுடையதாக இருந்தால் பலன் கூட என்பது பாட்டியின் அனுபவம்.

மாற்றக்கூடியவை

ஈரத்துணியோடு இருப்பது, சீமெந்துத் தரையில் படுப்பது, மழைக்காலத்தில் மூலையில் அசையாமல் முடங்குவது, நித்திரை கெடுவது — முட்டிக்கு மழை மேகத்தை விட இவைதான் கூடுதல் பகை. அசையாத மூட்டு மேலும் விறைக்கும். வலியில் நித்திரை கெடும். நித்திரை கெட்டால் மறுநாள் அதே வலி இரட்டிப்பாகத் தெரியும். பலகையைச் செங்கல் மேல் போட்டாவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுக்கலாம். மலையிலிருந்து வந்ததும் படங்கைக் கழற்றி, நனைந்த சேலையை மாற்றிவிட்டுத்தான் அடுப்பு வேலை. காலை வெயில் விழும் ஒரு மணி நேரம் முதியவர்களை வாசலில் உட்கார வைக்காமல், பீலிக்கரை வரைக்குமாவது நடத்திக் கூட்டிப் போகலாம்.

பெரிய காரியம் வீடு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியாவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கினார்கள். புது வீடுகள் 2016இல்தான் கைக்கு வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தில் மறுபடியும் பல குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நிலம் பாதுகாப்பானதா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏழு பேர்ச்சுக்குள் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருடையது. எமக்கு மழையும் குளிரும் உள்ள மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. ஆகவே கிழக்கிலும் தெற்கிலும் யன்னல் வைத்தால் மார்கழியிலும் வீட்டுக்குள் வெயில் விழும். மேற்குச் சுவரில் திறப்பைச் சிறிதாக வைத்தால் ஆடிக் காற்று உள்ளே சீறாது. கிழக்கு வாசலுக்கு மேலே கூரையை இரண்டடி நீட்டிவிட்டால் வடகீழ் மழை அடிக்காது. இதற்குச் செலவு அதிகமில்லை. அத்திவாரம் வெட்டுமுன் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

கோடிக் காம்பராப் பாட்டியின் குடும்பத்துக்கும் சென்ற மாதம் ஒரு துண்டு நிலத்தில் நூல் பிடித்தார்கள். பாட்டி கோலை ஊன்றிக்கொண்டு வந்து, தன் பாய் விரிக்கிற இடம் எது என்று மேசனிடம் கேட்டார். அவர் காட்டிய மூலை மேற்குப் பக்கம். "காலையில வெயிலு அங்கிட்டு எப்புடிப்பா வரும்?" என்றார். மேசன் முணுமுணுத்துக்கொண்டே நூலை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அத்திவாரம் முடிந்துவிட்டது. தகரம்தான் இன்னும் வந்து சேரவில்லை.